யாரும் கோகிலாவைத் தாண்டக் கூடாது

1

எங்கள் தெருமுனையில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது. காலையில் அதன் ஷட்டர் பாதி ஏறும்போது நான் அங்கே நிற்பேன். பாரீஸுக்கு வடக்கே, நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் புறநகர் இது. பாரீஸ் என்றதும் நீங்கள் கோபுரத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். அது எங்கள் வீட்டிலிருந்து தெரியாது. எங்கள் ஜன்னலில் தெரிவது எதிர் பிளாக் பால்கனியில் காயும் கைலிதான்.

நான் வந்து நின்ற பிறகு ஒவ்வொருத்தியாக வருவார்கள். வில்லியனூர்ப் பக்கத்துச் சரோஜா, காரைக்கால் பரீதா, பிறகு இலங்கைக்காரர்களான அக்காவும் தங்கையும். ஐந்து பேரும் வேலைக்குப் போகிறவர்கள். நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கிறேன், மற்றவர்கள் அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறார்கள். ஐந்தாவது ஆள் வரும் வரை முதல் ஆள் நகரக் கூடாது. இது என் சட்டம். மழையோ பனியோ, சட்டம் சட்டம்தான்.

இந்த வாரத்தோடு எங்கள் ஜமாவுக்கு ஒரு வயது ஆகிறது. கேக் வெட்ட வேண்டும் என்கிறாள் சரோஜா. அவளுடைய தாலிச் சங்கிலி போனதால் பிறந்த ஜமா இது. அதற்குப் போய்க் கேக் வெட்டுகிற பெண்பிள்ளையை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

ரயில் நிலையத்துக்குப் போக, தண்டவாளத்துக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதையைக் கடக்க வேண்டும். விளக்கு உண்டு, ஆனால் எரிகிற விளக்குகளைவிட உடைந்த விளக்குகள் அதிகம். நம் பெண்கள் கழுத்தில் நகையோடு வருவார்கள் என்பது இங்கே கண்டவனுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. போன வருடம் ஒரு காலையில் சரோஜா தனியாகப் போனபோது இரண்டு பேர் வந்து பிடரியில் அடித்துச் சங்கிலியை இழுத்தார்கள். தாலியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். சங்கிலி அவர்களோடு போய்விட்டது.

போலீஸ் நிலையத்துக்குத் துணைக்கு என்னைக் கூட்டிப்போனாள், எனக்குப் பிரெஞ்சு வரும் என்ற நம்பிக்கையில். என்னுடைய பிரெஞ்சு சாப்பாட்டுக் கூடத்துப் பிரெஞ்சு. எல்லாக் காய்கறிக்கும் பெயர் தெரியும். பறித்தான், பிடரியில் அடித்தான் என்பதற்கெல்லாம் வார்த்தை தெரியாது. கையால் நடித்துக் காட்டினேன். எதிரில் இருந்த போலீஸ்காரப் பெண், நான்தான் சரோஜாவை அடித்தேன் என்று ஒரு நிமிடம் நினைத்திருக்க வேண்டும்.

சங்கிலி வாங்கிய ரசீது கேட்டாள். கல்யாணத்துக்கு அப்பா பாண்டிச்சேரியில் வாங்கிப் போட்டது, ரசீதுக்கு எங்கே போவது? சரி, போட்டோ இருந்தால் கொண்டுவாருங்கள் என்றாள். மறுநாள் கல்யாண ஆல்பத்தையே தூக்கிக்கொண்டு போனோம். அவளும் பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள். தாலி கட்டும் படத்தில் மாமனார் தலை மறைக்கிறது. மற்ற படங்களில் எல்லாம் ரோஜா மாலை. ஒன்றிலாவது சங்கிலி தெரிந்தால்தானே! கடைசியில் பந்திப் படத்தில் விரலை வைத்து, இலையில் மஞ்சளாக இருக்கிறதே, இது என்ன பலகாரம் என்று கேட்டாள். ஜிலேபி என்று சொல்லிவிட்டு வந்தோம். முத்திரை குத்திய ஒரு தாள் கொடுத்தாள். சங்கிலி இன்னும் வரவில்லை.

வெளியே வரும்போது அந்தப் பெண் இரண்டு புத்தி சொன்னாள். ஒன்று, கழுத்தில் எதுவும் போட்டுக்கொண்டு போகாதீர்கள். இரண்டு, தனியாகப் போகாதீர்கள். முதலாவதைச் சரோஜா காதிலேயே வாங்கவில்லை, அன்று சாயங்காலமே மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டாள். இரண்டாவதற்கு எனக்குப் புத்தி சொல்ல ஆள் தேவையே இல்லை. கூட்டமாகப் போய்ப் பழகியவள் நான்.

2

முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் மில்லுக்குப் போனவர்கள், என் அப்பாவும் அப்படித்தான். நாங்கள் ஐந்து பெண்கள் டவுனில் இருந்த பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போனோம். வழியில் ரயில்வே கேட். கேட்டை ஒட்டி ஒரு பிராந்திக் கடை. பாண்டிச்சேரியில் பிராந்திக் கடை இல்லாத வழியைக் கண்டுபிடித்து ஒரு பெண் பள்ளிக்கூடம் போக வேண்டுமென்றால், அவள் பறந்துதான் போக வேண்டும். பஸ் பிடித்து வெளியூரிலிருந்து வந்து காலையிலேயே குடித்துவிட்டு நிற்பவர்கள் உண்டு. கேட் போட்டுவிட்டால் சரியாக அந்தக் கடை வாசலில்தான் நாங்கள் நிற்க வேண்டும். அவர்கள் பாடுவார்கள், பெயர் கேட்பார்கள், பெல்லை அடித்துப் பார்ப்பார்கள்.

அதனால் சேர்ந்துதான் போவோம். எங்களில் வசந்தா பெரிய ஆகிருதி, குரலும் அப்படி. அவள் போட்ட விதிதான் எல்லாம். அதில் முக்கியமான விதி, இருப்பதிலேயே மெதுவாக மிதிப்பவள் முன்னால் போக வேண்டும். நன்றாக மிதிப்பவர்கள் பின்னால். வசந்தா எல்லோருக்கும் கடைசியில், காவல்.

மெதுவாக மிதிப்பவள் கோகிலா. அண்ணனுடைய பார் வைத்த உயரச் சைக்கிள் அவளுக்கு. கால் எட்டாமல் இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதிப்பாள். அவளுக்குப் பின்னால் போவது எனக்குப் பெரிய தண்டனை. நான்தான் அந்தத் தெருவிலேயே வேகமாக மிதிப்பவள்.

"இன்னாடி இது, கட்ட வண்டி கூட நம்மள முந்திக்கினு போவுது. நான் முன்னாடி போயி கேட்டாண்ட நிக்கறேன்" என்பேன்.

"நீ போயிடுவ. கோகிலா தனியா ஆயிடுவா. அவள முன்னாடி வுட்டா ஒருத்தியும் தனியா ஆவ மாட்டா. மூடிக்கினு மிதி" என்பாள் வசந்தா. பிறகு கடைசியிலிருந்து ஒரு சத்தம் வரும், தெருவே திரும்பிப் பார்க்கும். "யாரும் கோகிலாவைத் தாண்டக் கூடாது!"

ஒருநாள் கேட் போட்டிருந்த நேரம், கடை வாசலிலேயே கோகிலாவின் சைக்கிள் செயின் கழன்றுவிட்டது. மற்ற நான்கு பேரும் இறங்கி அவளைச் சுற்றி நின்றோம். கடையிலிருந்து ஒருத்தர் தள்ளாடிக்கொண்டு வந்தார். வசந்தா புத்தகப் பையை ஓங்கினாள். அவர் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து செயினை மாட்டினார். கை முழுக்கக் கரி. எழுந்து, "செயினுக்கு எண்ண வுட மாட்டீங்களா? வண்டிய இப்பிடியா வெச்சிருப்பீங்க?" என்று எங்கள் ஐந்து பேரையும் திட்டிவிட்டு, திரும்பக் கடைக்குள் போய்விட்டார். நாங்கள் சைக்கிளுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தது அவருக்குப் பயந்துதான். ஆனாலும் வரிசை மட்டும் மாறவில்லை.

3

அந்த விதியைத்தான் இங்கே கொண்டுவந்து நட்டேன். சரோஜா கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள், அதனால் அவள் முன்னால். மற்றவர்கள் நடுவில். கடைசியில் நான், வசந்தாவின் இடத்தில்.

இந்த நாட்டுக்காரர்களுக்கு எங்கள் முறை புரிவதில்லை. குளிர்காலத்தில் ஒருநாள் ரயிலில் டிக்கெட் பரிசோதகர்கள் ஏறினார்கள். சரோஜாவின் மாதப் பாஸ் முடிந்திருந்தது. புதுப்பிக்க மறந்துவிட்டாள். அடுத்த நிலையத்தில் அவளை இறக்கினார்கள். நாங்கள் நான்கு பேரும் கூடவே இறங்கினோம்.

பரிசோதகர் எங்கள் பாஸையும் வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் முகம்தான் சரியாக இல்லை.

"நீங்கள் போகலாம், மேடம்."

"இல்லை. அவளோடுதான் போவோம்."

"உங்களிடம் பாஸ் இருக்கிறது. நீங்கள் ஏன் இறங்கினீர்கள்?"

அவள் இறங்கினாள், அதனால் இறங்கினோம். கைதான பெண்ணுக்கு நான்கு உறவுக்காரர்கள் வந்ததுபோல் நடைமேடையில் நின்றோம். அவர் எழுதி முடிப்பதற்குள் இரண்டு ரயில் போய்விட்டது. ஐந்து பேரும் ஐந்து இடத்தில் திட்டு வாங்கினோம். என் மேலாளர், இன்னொரு முறை தாமதமானால் எழுத்தில் எச்சரிக்கை கொடுப்பேன் என்றார். வீட்டில் கணவர் சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். போன வசந்த காலத்திலிருந்து இவர்களுக்கு நடை சரியில்லை. நாலு எட்டு நடந்தால் நிற்கிறார்கள். பரீதா குனிந்து குனிந்து ஷூ கயிறு கட்டுகிறாள். அக்காவும் தங்கையும் மருந்துக் கடை ஜன்னலில் புதிதாக எதையோ பார்க்கிறார்கள், மருந்துக் கடையில் பார்க்க என்ன இருக்கிறது? எனக்கும் அப்போதிலிருந்து வலது முட்டியில் வலி. டாக்டர் தேய்மானம் என்றார். இருந்தாலும் நான் நிற்பதில்லை. "என்னா நடை இது, காத்து வாங்கவா வந்தீங்க?" என்று பின்னாலிருந்து விரட்டுவேன். கேட்டுக்கொண்டு பேசாமல் நடப்பார்கள்.

4

இப்போது என் மகளைப் பற்றி.

நிலாவுக்குப் பதினேழு வயது. இங்கே பிறந்தவள். வீட்டில் நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். அவளாகத் தமிழில் பேசினால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துக்கு அவளும் அதே ரயிலில்தான் போக வேண்டும், அதே நேரத்தில். ஜமா ஆரம்பித்தபோது எனக்குப் பாதி சந்தோஷம் அதில்தான். பெண்ணும் கூடவே வருவாள் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு நாள் வந்தாள். மறுநாள் காலை கதவருகில் நின்றுகொண்டு சொன்னாள்.

"அம்மா, நீங்க அஞ்சு பேரும் போறது நர்ஸரி பசங்க மியூசியம் போற மாதிரி இருக்கு. அவங்க போடற மஞ்சள் சட்டை ஒண்ணுதான் பாக்கி. என் ஸ்கூல் பசங்க பாக்குறாங்க."

"பாத்தா பாக்கட்டும். நாம என்ன திருடிக்கினா போறோம்?"

"நான் தனியா போறேன். ப்ளீஸ்மா."

தமிழில் சொன்னாள். அதனால் மறுக்க முடியவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு முன்னால் போவாள், கூப்பிட்டால் கேட்காத தூரத்தில். இரண்டு காதிலும் இயர்போனை மாட்டிக்கொண்டு, பச்சை முதுகுப்பையோடு. என் கண் அந்தப் பச்சையை விட்டு நகராது. சுரங்கப்பாதையில் இறங்கும்போது அது மறையும். அது மறைந்து, நாங்கள் போய்ச் சேர்ந்து, அந்தப் பக்கம் ஏறிப் பார்க்கும் வரை எனக்கு உயிர் உயிராக இருக்காது. வேகமாகப் போகலாம் என்றால் முன்னால் இவர்கள் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். ஏறிப் பார்த்தால் நிலா படிக்கட்டின் உச்சியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். என்னைக் கண்டதும் சட்டென்று திரும்பி நடைமேடைக்குப் போய்விடுவாள். போனில் அப்படி என்னதான் இருக்கிறதோ என்று எரிச்சலாக வரும். எரிச்சலுக்குப் பின்னால் நிம்மதியும் வரும்.

வீட்டில் என் கணவர் சொல்வார், "விடு, இந்த வயசுல அப்படித்தான்." இந்த வயதில் நான் வசந்தாவின் கத்தலுக்குள் பத்திரமாக இருந்தேன். இவளுக்கு அந்தக் கத்தல்கூட இல்லையே என்பதுதான் என் கவலை. அடுத்த வருடம் வேறு ஊரில் படிக்கப் போகிறாளாம். அங்கே முன்னால் யார் போவார்கள், பின்னால் யார் வருவார்கள்? நினைத்தால் சோறு இறங்காது.

5

இந்தக் கோடையில் ஊருக்குப் போனோம். ஆடி வெள்ளி, வீராம்பட்டினத்தில் தேர். வசந்தா இப்போது மூலக்குளத்தில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள், பேரன் எடுத்துவிட்டாள், குரல் மட்டும் அப்படியே. "எல்லாம் கூடி ஸ்கூட்டர்ல போறோம். கும்பல்ல எவளும் தனியா வரக் கூடாது. செயினு போட்டுக்கினு வந்தா ஊக்கு குத்திக்கினு வாங்க" என்று போனிலேயே உத்தரவு போட்டாள்.

முதலியார்பேட்டையில் சேர்ந்தோம். கோகிலா இப்போதும் பயந்து பயந்துதான் ஓட்டுகிறாள். பார் வைத்த சைக்கிள் போய் ரோஜா நிற ஸ்கூட்டர் வந்திருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் சொல்லாமலே அவள் தானாக முன்னால் போய் நின்றாள். நான் அவள் பின்னால் ஏறிக்கொண்டேன். நிலாவைக் கடைசி வண்டியில், வசந்தாவுக்குப் பின்னால் உட்காரவைத்தோம்.

அரியாங்குப்பம் தாண்டும்வரை ஆட்டோவெல்லாம் எங்களை முந்திக்கொண்டு போனது. மோர்ப் பந்தல்காரர்கள் எங்களை நிறுத்தி மோர் கொடுத்து, நாங்கள் குடித்து முடித்துக் கிளம்பினோம், அப்போதும் கோகிலா அதே வேகம்தான். திரும்பிப் பார்த்தேன். நிலா வசந்தாவின் தோளில் முகவாயை வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். வசந்தா ஒரு கையை விட்டு முன்னால் நீட்டி நீட்டிப் பேசினாள். அவ்வளவு தூரத்தில் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஹாண்டில் பாரைப் பிடிடி என்று மட்டும் கத்தினேன்.

தேரையும் பார்த்தோம். கூட்டத்தில் ஒருத்தி முந்தானையை ஒருத்தி பிடித்துக்கொண்டு போனோம். யார் செருப்பு போனாலும் செயின் போகவில்லை. ராத்திரி படுக்கும்போது நிலாவிடம், வசந்தா ஆன்ட்டி என்ன சொன்னாள் என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

6

போன திங்கட்கிழமை.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. நான்கு பேரும் வந்துவிட்டார்கள். கிளம்பலாம் என்று கையைத் தூக்கினேன். பச்சை முதுகுப்பை எங்களை நோக்கி வந்தது. பக்கத்தில் எதிர் பிளாக்கில் இருக்கும் இனேஸ் என்கிற பெண், நிலாவோடு படிப்பவள், அழுது வீங்கிய கண்களோடு.

"வெள்ளிக்கிழமை சுரங்கத்துல இவ போனைப் பிடுங்கிட்டாங்க" என்றாள் நிலா. "இவ தனியா வர மாட்டேங்கறா. நாங்களும் உங்களோட வர்றோம்."

எனக்கு வந்தது பெருமையா பயமா என்று தெரியவில்லை. எதையும் காட்டிக்கொள்ளவில்லை. சரோஜா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் துடைத்துவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக் கையில் திணித்தாள்.

"சரி, கிளம்பு. சரோஜா, நீ முன்னாடி போ" என்றேன்.

"இல்ல" என்றாள் நிலா. "அம்மா, நீ முன்னாடி போ."

"நான் கடைசிடி. நான்தானே காவல்?"

"நீதாம்மா இருக்கறதுலயே மெதுவா நடக்கற."

சரோஜா கடைக்குள் தெரிந்த ரொட்டியைக் கண் கொட்டாமல் பார்த்தாள். எனக்கு ஏதோ தட்டியது. பரீதாவின் காலைப் பார்த்தேன். அவள் ஷூவுக்குக் கயிறே இல்லை. ஜிப் வைத்த ஷூ.

"முட்டி வலி வந்ததுலேர்ந்து நீ அப்படித்தான் வர்றக்கா" என்றாள் சரோஜா, ரொட்டியிடம் சொல்வதுபோல். "சொன்னா ஒத்துக்குவியா நீ? அதான் நின்னு நின்னு போனோம்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெருவிலேயே வேகமாக மிதித்தவள் நான். இத்தனை மாதமாக இவர்களை விரட்டிக்கொண்டிருந்தவள் நான். பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"ஊர்ல வசந்தா ஆன்ட்டி சொன்னாங்க" என்றாள் நிலா. தமிழில்தான் பேசினாள், தேடித் தேடி. "மெதுவா வர்றவங்க முன்னாடி. இல்லன்னா அவங்க தனியா ஆயிடுவாங்கன்னு. நான் தினமும் மேல நின்னு பாக்குறேம்மா. சுரங்கத்துக்குள்ள பயத்துல யாரும் நிக்கறதில்ல, எல்லாரும் வெளிய வந்துடுவாங்க. அப்புறம்தான் நீ வருவ. சுரங்கத்துல நீ மட்டும் தனியா. நீ வர்ற வரைக்கும் நான் ரயிலுக்குப் போனதே இல்ல."

படிக்கட்டின் உச்சியில் போனைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண். எத்தனை காலை நான் அதைப் பார்த்து எரிச்சல்பட்டிருப்பேன். உயிர் உயிராக இல்லாமல் நான் கீழே நடந்த அந்த நேரம் முழுக்க, மேலே இவளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள்.

முந்தானை இல்லாத நாட்டில் கோட்டின் கையால்தான் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கிறது. எல்லோரையும் தாண்டி முன்னால் போய் நின்றேன். வலது காலை ஊன்றி நடக்க ஆரம்பித்தேன். அன்று யாரும் குனியவில்லை, மருந்துக் கடை ஜன்னலில் யாரும் நிற்கவில்லை.

சுரங்கப்பாதையில் இறங்கியதும் காலடிச் சத்தம் எல்லாம் பெரிதாகக் கேட்டது. என் முட்டி படியில் கொஞ்சம் தயங்கியது. பின்னால் சரோஜா நெருக்குவது தெரிந்தது. அப்போது வரிசையின் கடைசியிலிருந்து, சுவரெல்லாம் அதிர, என் மகள் கத்தினாள்.

"யாரும் எங்க அம்மாவைத் தாண்டக் கூடாது!"

நான் என் வேகத்திலேயே நடந்தேன்.